ஆற்றங்கரை மேட்டு வீடு, 62 படி, ஒரு விஞ்ச்

கடையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது, 8 மே 2022

வீடு மேட்டில், ஆறு பள்ளத்தில். மாமியாருக்கு முழங்கால் போய்விட்டது. கட்டட வேலையில் ஜல்லி தூக்கும் விஞ்ச் ஒன்று பழசாக முப்பதாயிரத்துக்கு வருகிறது. தண்டவாளத்துக்கு இரண்டு சேனல் (ப வடிவ இரும்பு), நாலு கேட் சக்கரம், ஒரு நாற்காலி. ஒரு லட்சத்தில் முடித்துவிடலாம் என்கிறேன். வீட்டில் யாரும் நம்பவில்லை. செய்து பார்த்தவர்கள் உண்டா?

9 மே 2022

நானும் இதே கிறுக்கில்தான் இருக்கிறேன். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, தாமிரபரணிக் கரை மேட்டில் தாத்தா கட்டிய வீடு. புழக்கடைக் கதவைத் திறந்தால் படி, கீழே படித்துறை. அம்மாவுக்கு 81 வயது. ஆற்றில் குளித்தால்தான் குளித்த மாதிரி அவளுக்கு. பாத்ரூமில் ஷவர் போட்டுக் கொடுத்தேன், அதன் கீழ் துணி காய்கிறது.

அந்த ஜல்லி விஞ்ச் மட்டும் வேண்டாம், அண்ணாச்சி. அதில் மோட்டாருக்கும் டிரம்முக்கும் நடுவில் ஒரு கிளட்ச் இருக்கும். ஏற்றும்போது கிளட்சைப் பிடிப்பார்கள். இறக்கும்போது விட்டுவிட்டு, கையால் பிரேக் பட்டையை அழுத்தி அழுத்தி இறக்குவார்கள். ஆபரேட்டருக்கு ஒரு தும்மல் வந்தால் சட்டி தரையில். ஜல்லிக்கு அது பரவாயில்லை.

நான் நூற்பாலையில் 31 வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தவன். கியர்பாக்ஸ், ஹாய்ஸ்ட் எல்லாம் கை பழகியவை. என் கணக்குக்கு இரண்டு லட்சம் ஆகும், தண்ணீர் விளிம்பு வரை கொண்டுபோகலாம்.

11 மே 2022

சரிவு எத்தனை டிகிரி என்று கேட்டிருக்கிறீர்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் ஊற்றி நானும் பக்கத்து வீட்டுப் பையனும் அளந்தோம். படி ஒன்றுக்கு ஏழு அங்குலம். 62 படிக்கு உயரம் 36 அடி, சரிவு நீளம் 85 அடி. 25 டிகிரி வருகிறது. பழனி விஞ்ச் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத குட்டி விஞ்ச்.

படி 62 இல்லை, 63 என்கிறாள் அம்மா. கல்யாணம் ஆகி வந்த அன்றைக்கே எண்ணினாளாம். நான் மூன்று முறை எண்ணிவிட்டேன். 62தான்.

3 ஜூன் 2022

மகள் கனடாவில் இருக்கிறாள். ஒன்டாரியோவில் முஸ்கோகா என்று ஏரிகள் நிறைந்த பகுதிக்கு விடுமுறைக்குப் போனவள் வீடியோ அனுப்பினாள். பாறைச் சரிவில் மர வீடு, கீழே ஏரியில் படகு கட்டும் மேடை, இரண்டுக்கும் நடுவில் தண்டவாளத்தில் ஊர்ந்து போகும் சின்னக் கூண்டு. ஆளும் போகிறான், ஐஸ் பெட்டியும் போகிறது, நாயும் போகிறது. ஒரே பொத்தான். "இதுதானப்பா நீங்க சொல்றது?" என்கிறாள். இதுதான்.

ஆனால் அவர்கள் கவலை வேறு. குளிரில் மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து உப்பி, தூணை மேலே தள்ளிவிடும். அதனால் நாலடிக்குக் கீழே அஸ்திவாரம் போடுகிறார்கள், அல்லது பாறையில் துளைபோட்டுக் கம்பியை இறக்குகிறார்கள். ஏரி உறையும்போது ஐஸ் மேடையை நெருக்கி உடைக்கும் என்று சில பேர் குளிர்காலத்துக்கு முன் மேடையையே கழற்றி மேலே வைத்துவிடுகிறார்கள். கழற்றி வைப்பது என்ற யோசனை அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நமக்கு ஐஸா இருக்கிறது?

20 ஜூன் 2022

தண்ணீர் விளிம்பு வரை என்று மே 9இல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். சர்வேயரை வைத்து அளந்ததில் எங்கள் பட்டா கீழிருந்து 19ஆவது படியோடு முடிகிறது. அதற்குக் கீழே ஆற்றுப் புறம்போக்கு. படி தாத்தா காலத்தது என்பதால் யாரும் கேட்கவில்லை, ஆனால் புதிதாக ஒரு கான்கிரீட் தூண் வைத்தால் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அதனால் தண்டவாளம் 60 அடியோடு நிற்கும். 43 படி வண்டியில், 19 படி நடந்து.

அம்மாவிடம் சொன்னேன். "மிச்சத்துக்கு நீ தூக்கிட்டுப் போ" என்றாள்.

குளத்தங்கரையில் தூண் வைக்கலாமா என்று ஆலங்குளத்துத் தம்பி கேட்டதற்கு: குளத்தங்கரை உங்கள் தோட்டத்தை ஒட்டி இருந்தாலும் கரை உங்களுடையது இல்லை. குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். சட்டம் கிடக்கட்டும், கரையில் குழி தோண்டினால் அந்த வழியாகக் கசிவு பிடிக்கும். ஒரு ஐப்பசியில் உங்கள் தூணோடு கரையும் போகும்.

4 ஜூலை 2022

லைசென்ஸ். தமிழ்நாட்டில் லிஃப்டுக்கு என்று 1997இல் வந்த சட்டம் இருக்கிறது. மின் ஆய்வாளர் அலுவலகம்தான் இடம். வரைபடத்தோடு முதலில் அங்கே போங்கள், இரும்பு வாங்கிய பிறகு போகாதீர்கள். என்னுடையது நேராக ஏறாமல் சரிவில் ஏறுவதால் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று பேசி முடிக்க மூன்று நடை. மூன்றாவது நடையில் ஒரு அம்மா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

இன்னொன்று. பம்புசெட்டுக்கு வரும் இலவச விவசாய மின்சாரத்தில் இதை ஓட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. வீட்டு இணைப்பில்தான்.

17 ஜூலை 2022

பளு கணக்கு. வண்டி 140 கிலோ, இரண்டு ஆள் 150 கிலோ, ஆக 290. சரிவு 25 டிகிரி என்பதால் கயிறு இழுக்க வேண்டியது அதில் நூற்றுக்கு 42 பங்கு, உராய்வையும் சேர்த்தால் 130 கிலோ. இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான். சரிவின் சௌகரியமே அதுதான்.

கயிறு 8 மில்லிமீட்டர் இரும்புக் கயிறு. அறும் பளு மூன்றரை டன்னுக்கு மேல். 130 கிலோவுக்கு எதற்கு இவ்வளவு என்று தூத்துக்குடி அண்ணாச்சி கேட்கிறார். அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் பார்த்தவர், அவரே கேட்டால் எப்படி? ஆள் ஏறும் கயிற்றுக்குப் பத்து மடங்காவது வேண்டும். கயிறு புதிதாக இருக்கும்போது உள்ள பலம் ஐந்து வருடம் வெயிலும் மழையும் பட்ட பிறகு இருக்காது. அதோடு, கயிறு இழுத்து அறுவதில்லை, வளைந்து வளைந்துதான் சாகும். அதனால் டிரம் விட்டம் கயிற்றின் தடிமனைப் போல 40 மடங்கு வைத்தேன், 320 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர் கயிறு, கணக்குக்கும் சுலபம். முழுக்க இறங்கிய பிறகும் டிரம்மில் மூன்று சுற்று மிச்சம் கிடக்க வேண்டும்.

கயிற்றின் நுனியை மடித்துப் போடும் புல்டாக் கிளிப்பை நம் ஊர் பட்டறையில் பாதிப் பேர் தலைகீழாகத்தான் போடுகிறார்கள். அதில் இரண்டு பாகம்: ஒன்று வளைந்த கம்பி, ஒன்று பள்ளம் வெட்டிய கட்டை. கட்டை, பளு தாங்கும் கயிற்றின் பக்கம் உட்கார வேண்டும். வளைந்த கம்பி, சும்மா கிடக்கும் நுனியை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் கம்பி பளுவுள்ள கயிற்றையே கடித்து நசுக்கிவிடும். மூன்று கிளிப், மூன்றும் ஒரே பக்கம் பார்த்து. முதல் நாள் பளு ஏற்றி ஓட்டிவிட்டு மறுபடி நட்டை இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

18 ஜூலை 2022

கேட் சக்கரத்துக்குப் பதில் சொல்ல மறந்தேன். வேண்டாம்.

21 ஆகஸ்ட் 2022

ஒரு மாதம் சத்தமில்லாமல் இருந்ததற்குக் காரணம் சேனல்.

இரண்டு 100 மில்லிமீட்டர் சேனலை முகம் பார்த்தாற்போல் படுக்கவைத்து, சக்கரங்கள் அவற்றின் வயிற்றுக்குள் ஓடும்படி செய்தேன். அப்படிச் செய்தால் வண்டி தண்டவாளத்தை விட்டு மேலே எழும்ப முடியாது, மேல் உதடு தடுத்துவிடும். 20 அடி நீளம் ஆறு வாங்கினேன், எடை 350 கிலோ சொச்சம். எல்லாம் சரி. சக்கரத்தை உள்ளே விட்டு உருட்டினால் கிறீச் கிறீச் என்று ஓரத்தில் மட்டும் தேய்கிறது. ஒரு வாரம் தண்டவாளத்தைக் குறை சொன்னேன், வெல்டரைக் குறை சொன்னேன். கடைசியில் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிட்டது. சாதாரணச் சேனலின் உதடு உள்பக்கம் சமமாக இருக்காது. அடியில் தடிப்பு, நுனியில் மெலிவு. 31 வருடம் இரும்போடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சக்கரத்தைத் திரும்ப லேத்துக்குக் கொண்டுபோய், அதே சரிவுக்குக் கடைந்து வாங்கினேன். லேத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

தண்டவாளத்தை மேல் நுனியில் மட்டும் இறுக்கி, கீழே உள்ள கால்களில் நீளத் துளை விட்டிருக்கிறேன். 60 அடி இரும்பு, விடியற்காலைக்கும் சித்திரை மத்தியானத்துக்கும் நடுவில் ஆறு மில்லிமீட்டர் நீளும். இடம் விடாவிட்டால் தானே இடம் பிடிக்கும்.

கான்கிரீட் கால்கள் பத்தடிக்கு ஒரு ஜோடி, ஏழு ஜோடி. மேலே ஐந்து ஜோடிக்கு ஒரு முழம் தோண்டினால் பாறை. கீழே இரண்டு ஜோடிக்கு வெறும் வண்டல். ஐந்தடி தோண்டி நிறுத்திவிட்டேன்.

22 ஆகஸ்ட் 2022

தூத்துக்குடி அண்ணாச்சி ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "வெள்ளக் குறி எந்தப் படி?" 1992 வெள்ளத்தில் 23ஆவது படி வரை வந்தது. அப்பா உளியால் கோடு போட்டு வைத்திருக்கிறார். அதாவது என் தண்டவாளத்தின் கடைசி ஐந்தடி வெள்ளக் கோட்டுக்குக் கீழே. தெரியும் அண்ணாச்சி. முப்பது வருடத்தில் ஒரு தடவை. மோட்டார், பேனல் எல்லாம் மேலே இருக்கிறது. கீழே 24 வோல்ட் பொத்தான் ஒன்றுதான்.

25 செப்டம்பர் 2022

மோட்டார் பொருத்தியாயிற்று. வீட்டில் ஒரு பேஸ்தான். அதனால் ஒரு பேஸை வாங்கி மூன்று பேஸாகக் கொடுக்கும் டிரைவ் ஒன்று. மோட்டாரின் டெர்மினல் பெட்டியில், சுருள்களை இணைக்கும் ஸ்டார் பட்டையைக் கழற்றி டெல்டா இணைப்பாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் முக்கும். 1 எச்பி மோட்டார், 60க்கு 1 வார்ம் கியர்பாக்ஸ், அதாவது திருகு ஒன்று பல்சக்கரத்தைச் சுற்றும் வகை, மோட்டார் அறுபது சுற்றுக்கு டிரம் ஒரு சுற்று. வேகம் அதிகமாக இருந்ததால் டிரைவில் 50 ஹெர்ட்ஸை 25 ஆக்கிவிட்டேன். விநாடிக்கு 20 சென்டிமீட்டர், 60 அடிக்கு ஒன்றரை நிமிஷம்.

பக்கத்து வீட்டுப் பையனை உட்காரவைத்து ஏற்றினேன். வெண்ணெய். நானும் ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் டிரைவ் டிரிப் ஆகி நின்றது. இரண்டு பேரும் வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு அந்தரத்தில். தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார். "என்ன அண்ணாச்சி, டிக்கெட் எடுக்கலியா?"

27 செப்டம்பர் 2022

தூத்துக்குடி அண்ணாச்சி சொல்வது சரி. ஹெர்ட்ஸைப் பாதியாக்கினால் மோட்டாரின் பவரும் பாதிதான். திருகுவிசை அதிகமாகிவிடாது. எனக்கு வேண்டியது 6 நியூட்டன் மீட்டருக்கு மேல், 1 எச்பி மோட்டார் தருவது 5. ஒரு ஆளுக்குப் போதும், இரண்டு ஆளுக்குப் பற்றாது. வார்ம் கியர் கிட்டத்தட்ட பாதி சக்தியைத் தானே சூடாக்கித் தின்றுவிடும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். 2 எச்பி வாங்கிவிட்டேன். 1 எச்பி இப்போது தென்னைக்குத் தண்ணீர் இறைக்கிறது.

வார்ம் கியர் பின்னால் சுற்றாது, எனவே பிரேக் எதற்கு என்று கடையத்து அண்ணாச்சி கேட்டிருந்தார். நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் எண்ணெய் சூடேறி, ஓட்டத்தின் அதிர்வும் சேர்ந்தால் மெல்ல நழுவும். மோட்டாரின் பின்னால் ஸ்பிரிங் பிரேக் போட்டிருக்கிறேன். மின்சாரம் இருந்தால் விடும், போனால் பிடிக்கும். நம் ஊரில் இந்த வரிசைதான் நல்லது.

13 நவம்பர் 2022

இன்றைக்கு அரிவாள் சோதனை.

கயிறு அறுந்தால் என்ன ஆகும்? வண்டியின் அடியில் இரண்டு பல் கவ்விகள் வைத்திருக்கிறேன். கயிறு இழுபட்டிருக்கும் வரை அவை மடங்கிக் கிடக்கும். கயிறு தொய்ந்தால் ஸ்பிரிங் தள்ளி, பல் தண்டவாளத்தைக் கடிக்கும். தாளில் நன்றாக இருக்கிறது. நிஜத்தில் பார்க்க வேண்டாமா? 25 கிலோ மணல் மூட்டை எட்டு ஏற்றினோம், 200 கிலோ. இரும்புக் கயிற்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டினோம். பையன் அரிவாளால் ஒரே போடு.

நிற்கவில்லை. பன்னிரண்டு அடி சறுக்கிக்கொண்டு போய்த்தான் கடித்தது. கீழே கட்டியிருந்த பழைய டயர் தாண்டி ஒரு மூட்டை ஆற்றுப் பக்கம் உருண்டது. நான் வியர்த்துப் போனேன். பையன் கைதட்டினான்.

காரணம் தேட நேரம் ஆகவில்லை. துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று தண்டவாளம் முழுக்க எனாமல் பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்திருந்தேன். பல் இரும்பைத் தொடவே இல்லை, பெயிண்டைத்தான் சுரண்டியிருக்கிறது. நீள நீளமாகப் பச்சைச் சுருள், ஆசாரி இழைப்புளி போட்ட மாதிரி. கடிக்கும் பக்கத்துப் பெயிண்டை முழுக்க உரித்து எடுத்தோம். சாயங்காலம் இரண்டாவது தடவை: ஒரு முழம். மூன்றாவது தடவை: ஒரு முழத்துக்கும் குறைவு.

யார் இதைச் செய்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆளை ஏற்றாதீர்கள். அரிவாள் இல்லாத வீடு நம் பக்கம் கிடையாது.

22 ஜனவரி 2023

நேற்று தை அமாவாசை. உரிமம் கைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அம்மா முதல் முறையாக இறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்னல இது, பொணம் ஏத்துத வண்டி மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு பக்கமும் கம்பி, முன்னால் கதவு, அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. உட்கார்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றரை நிமிஷமும் மூடியபடி. கடைசி 19 படி என் தோளைப் பிடித்து இறங்க இருபது நிமிஷம் ஆயிற்று. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டாள். நாலு வருடம் ஆயிற்றாம், எண்ணி வைத்திருக்கிறாள். 2018 தாமிரபரணி புஷ்கர விழாவில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கியதுதான் கடைசி.

ஏறும்போது கண்ணைத் திறந்திருந்தாள்.

6 மார்ச் 2023

குரங்கு. கீழே இருக்கும் அழைப்புப் பொத்தானைத் தட்டினால் வண்டி தானாகக் கீழே வரும்படி வைத்திருந்தேன். இப்போது ஒரு குடும்பமே கற்றுக்கொண்டுவிட்டது. மத்தியானம் வண்டி தானாக மேலும் கீழும் போகிறது. சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும்படியும், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டுமே ஓடும்படியும் மாற்றிவிட்டேன். கையை எடுத்தால் நிற்கும். முதலிலேயே இப்படித்தான் செய்திருக்க வேண்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம்.

29 ஏப்ரல் 2023

நடுவழியில் கரண்ட் போனது, அம்மா வண்டியில். பிரேக்கைக் கையால் விடுவிக்கும் நெம்புகோல் இருக்கிறது, மெல்ல இறக்கிவிடலாம் என்று பெருமையாக நினைத்திருந்தேன். விடுவித்தேன், அசையவில்லை. செப்டம்பரில் நானே எழுதியதுதான்: வார்ம் கியர் நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும். மோட்டாரின் வால் பக்கம் கைச்சக்கரம் போட்டிருந்தேன், நல்ல வேளை. ஆனால் 60க்கு 1 கியர். டிரம் ஒரு சுற்றுக்கு நான் அறுபது சுற்று. முழுத் தூரத்துக்கு 1080 சுற்று. அவள் பாதி வழியில் இருந்ததால் 500 சொச்சம். கை கழன்று போனது. மேலே வந்தவள், "சமையலுக்கு மாவு ஆட்டுனாப்ல இருக்கும்லா" என்று கேட்டாள்.

இனிமேல் பேட்டரி டிரில்லை வைத்துச் சுற்றலாம் என்று அந்த நுனியில் ஒரு போல்ட் தலை வெல்ட் செய்துவிட்டேன். பிரேக் நெம்புகோலை ஒருவர் பிடிக்க, ஒருவர் டிரில் பிடிக்க. வேலை செய்கிறது.

18 டிசம்பர் 2023

நேற்றிலிருந்து விடாத மழை. கரண்ட் இல்லை. வண்டி மேலே இருக்கிறது. 15ஆவது படி வரை தண்ணீர். அணையில் திறந்திருக்கிறார்கள். சத்தம் வேறு மாதிரி இருக்கிறது, கல் உருளும் சத்தம். போனில் 18 சதவீதம்தான் சார்ஜ்.

18 டிசம்பர் 2023, மத்தியானம்

21. தண்டவாளத்தின் நுனி தெரியவில்லை.

24 டிசம்பர் 2023

எல்லோரும் நலம். விசாரித்தவர்களுக்கு நன்றி. தூத்துக்குடி அண்ணாச்சி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் என்று எழுதியிருந்தார், அதைப் படித்த பிறகு என் கதையை எழுதவே கூச்சமாக இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் அப்படியே நின்றது. குறுக்குத்துறை முருகன் கோயில் முழுகிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் படித்துறையில் தண்ணீர் 21ஆவது படியோடு நின்றது, 1992 கோட்டுக்கு இரண்டு படி கீழே. பாதிப்பு கீழ்நாட்டில்தான் கொடுமை.

என் பக்கம்: வெள்ளத்தில் வந்த மருதமரம் ஒன்று தண்டவாள நுனியில் சாத்திக்கொண்டு, இரண்டு சேனலையும் கிழக்கே வளைத்துவிட்டது. கடைசி ஜோடி கான்கிரீட் கால் அந்தரத்தில் தொங்குகிறது, அடியில் மண்ணே இல்லை. ஐந்தடி தோண்டினேன் என்றேன் அல்லவா, ஆறு ஆறடி தோண்டியிருக்கிறது. தண்ணீர் தள்ளி அது விழவில்லை, கால் கல்லாகவே நின்றது. அடி மண்ணைத்தான் உருவிக்கொண்டு போய்விட்டது.

முப்பது வருடத்தில் ஒரு தடவை என்று எழுதியவன் நான்தான். 1992, 2023. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு தடவை எப்போது என்பதைத்தான் கேட்காமல் விட்டேன்.

14 ஜனவரி 2024

தண்ணீர் வடிந்துவிட்டது. வண்டலும் போய்விட்டது. படி 63. கடைசியில் ஒன்று, பாதி உடைந்து, பாசி படிந்து. அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். "அதுக்கு இப்ப என்ன?" என்றாள். படிக் கணக்கில் இனி எல்லாவற்றிலும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். நான் பழைய எண்களிலேயே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.

10 பிப்ரவரி 2024

முடிவு எடுத்தாயிற்று. வளைந்த பத்தடியை நேராக்கவில்லை, அறுத்து எடுத்துவிட்டேன். தண்டவாளம் இனி 50 அடி, 26ஆவது படியோடு சரி. 1992 கோட்டுக்கு மூன்று படி மேலே. கடைசிக் கால்கள் இப்போது பாறையில் நிற்கின்றன, துளைபோட்டுக் கம்பி இறக்கியவை.

ஏழு படி கூடிவிட்டதே என்று கேட்பீர்கள். பட்டா எங்கே முடிகிறதோ அதுவரை எனக்கு உரிமை என்று அளந்தேன், ஆற்றுக்கும் ஒரு பட்டா உண்டு என்று அளக்கவில்லை. முஸ்கோகாக்காரன் மேடையைக் கழற்றி வைக்கிறானே என்று சிரித்தேன். நான் கழற்றிக்கூட வைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கீழ்ப் பொத்தான் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது என்று இப்போது வழக்கமாக்கிவிட்டேன். வண்டி ராத்திரி எப்போதும் மேலே.

26 படிக்கு ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, 13ஆவது படி ஓரத்தில் உட்கார ஒரு கல். கல் பழையதுதான், துணி துவைத்த கல். புறம்போக்கில் நான் புதிதாக வைத்தது ஒன்றுமில்லை. கம்பியின் கீழ்ப் பாதி சாக்கெட்டில் செருகி எடுப்பது, சாக்கெட்டுக்கு மட்டும் பழைய படியில் ஓட்டை போட்டிருக்கிறேன். கேட்டால் ஒப்புக்கொள்கிறேன்.

செலவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வெள்ளத்துக்கு முன் 4,70,000. வெள்ளத்துக்குப் பின் 38,000. முதலில் சொன்ன இரண்டு லட்சம் எப்படி வந்தது என்று பழைய நோட்டைப் புரட்டினேன். வெல்டர் கூலி, பிரேக், உரிமம், லேத், தவறாக வாங்கிய மோட்டார் எதுவுமே அதில் இல்லை. கயிறு மட்டும் சரியாக இருந்தது.

19 மே 2024

கடையத்து அண்ணாச்சி இரண்டு வருடம் கழித்து வந்து, "அப்போ நான் செய்யலாமா வேண்டாமா?" என்று கேட்கிறார். மாமியார் எத்தனை முறை இறங்குவார் என்று முதலில் கேளுங்கள். எங்கள் வீட்டில் அம்மா மாதத்துக்கு ஐந்தாறு முறை. மற்ற நாள் வாழைத்தார் ஏறுகிறது, தேங்காய் ஏறுகிறது, பேரப்பிள்ளைகள் வந்தால் காரணமே இல்லாமல் ஏறி இறங்குகிறார்கள். அமாவாசைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று ஆச்சிகள் வருகிறார்கள். போன மாதம் அவர்களுக்குள் யார் முதலில் என்று சண்டை.

செய்வதானால் வெள்ளக் கோட்டைப் பார்த்துவிட்டு, அதற்கு மேலே மூன்று படி தள்ளித் தொடங்குங்கள். கோடு தெரியாவிட்டால் ஊரில் வயதான வண்ணாரையோ பரிசல்காரரையோ கேளுங்கள், இடத்தைக் காட்டுவார்கள்.

20 மே 2024

கயிற்றுக்கு எந்த கிரீஸ் என்று கேட்டதற்கு: கெட்டி கிரீஸை மேலே அப்பாதீர்கள், உள்ளே போகாது, மண்ணைத்தான் பிடித்துவைக்கும். இளகிய கயிற்று எண்ணெயை பிரஷில் தொட்டு, வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டே டிரம் பக்கத்தில் தடவுங்கள். தடவும் முன் ஒரு பழைய துணியால் கயிற்றைச் சுற்றிப் பிடித்து முழு நீளமும் ஓட்டிப் பாருங்கள். எங்கே இழை அறுந்திருக்கிறதோ அங்கே துணி மாட்டும். வெறுங்கையால் பிடிக்காதீர்கள். என் இடது உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.